ஹை பானட் ஜீப்பை வீட்டிலேயே மீட்டெடுப்பது: எது முதலில், எது கடைசியில்

பழைய ஜீப் வாங்கி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பலர் அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். மூன்றாவது மாதம் அது தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். இன்னொரு கூட்டம் நேரே பெயின்டரிடம் போகும். பளபளவென்று வந்த பிறகு பிரேக் பைப் மாற்றுவார்கள், பிரேக் ஆயில் சிந்தும், புதுப் பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வரும். இரண்டு கூட்டத்துக்கும் கைவேலை தெரியாமல் இல்லை, வரிசைதான் தப்பு.

இங்கே நான் எடுத்துக்கொள்வது மகிந்திரா சிஜே-3பி பெட்ரோல் ஜீப். நம் ஊரில் ஹை பானட் என்போமே, அதுதான். லோ பானட்டோ வேறு பழைய பிக்கப்போ வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் போகலாம். அளவுகளை மட்டும் அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசை இதுதான்: காகிதம், ஆய்வு, சேஸிஸ், பிரேக், எஞ்சின், கியர்பாக்ஸ், தகரம், பெயின்ட், வயரிங், கடைசியாக ரோடு.

1. காகிதம்: பணம் கொடுக்கும் முன்

ஆர்சி புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டும் வண்டியில் இருக்க வேண்டும். சேஸிஸ் எண் இருக்கும் இடத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, தாள் வைத்துப் பென்சிலால் உரசி எடுத்துப் பாருங்கள். ஆர்டிஓ அலுவலகத்திலும் இப்படித்தான் பார்ப்பார்கள்.

பல ஜீப்புகளில் எப்போதோ யாரோ டீசல் எஞ்சின் மாட்டியிருப்பார்கள். ஆர்சியில் இன்னும் பெட்ரோல் என்றே இருக்கும். இது விற்பவருக்குச் சின்ன விஷயம், வாங்கும் உங்களுக்குப் பெரிய விஷயம். ஆர்சியைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு வண்டி பாருங்கள்.

2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக வண்டிகளை விண்டேஜ் என்று பதியலாம். எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. அதற்குப் பிறகு தினசரி ஓட்டக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்தால் அந்தத் தகுதி போய்விடும். ஆகவே எதை வெட்டலாம், எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது ஸ்பேனரைத் தொடும் முன்பே முடிவாக வேண்டும்.

2. இடமும் கருவியும்

சிமென்ட் தரை, மேலே கூரை, வண்டியைச் சுற்றி நான்கு பக்கமும் ஆள் குனிந்து வேலை செய்ய இடம். மண் தரையில் ஜாக்கி சாயும். கூரை இல்லாவிட்டால் சுத்தம் செய்த இரும்பு ஒரே இரவில் துரு பிடிக்கும். கடலோர ஊர்களில் காலையிலேயே தெரியும்.

இந்த ஜீப்பின் போல்ட், நட்டு எல்லாம் இன்ச் அளவு. 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 இன்ச் ரிங் ஸ்பேனர், சாக்கெட் கட்டாயம் வேண்டும். 1/2 இன்ச் நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறத்தான் செய்யும். இறுகிய நட்டில் அழுத்தும்போதுதான் அந்தச் சிறு இடைவெளி முனைகளை உருட்டிவிடும். உருண்ட நட்டை எடுக்க அரை நாள் போகும்.

இவை தவிர நல்ல ஜாக்கி, நான்கு ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், கம்ப்ரஷன் டெஸ்டர், மல்டிமீட்டர், கிரீஸ் கன், ஹப் புல்லர், தீயணைப்பான். எஞ்சின் இறக்கும் நாளுக்குச் செயின் பிளாக்கும் முக்காலியும் வாடகைக்கு எடுக்கலாம். போர்டிகோ கொக்கியிலோ முருங்கைக் கிளையிலோ எஞ்சினைத் தொங்கவிடாதீர்கள். முருங்கையைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை, பார்த்திருக்கிறேன்.

3. கழற்றாமல் பார்ப்பது

முதல் இரண்டு வாரம் எதையும் கழற்ற வேண்டாம். ஓடுகிற வண்டி என்றால் காம்பவுண்டுக்குள் மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு கியரிலும் என்ன சத்தம், எந்தக் கியர் தானே நழுவுகிறது என்று எழுதி வையுங்கள். பிரித்துப் போட்ட கியர்பாக்ஸ் சத்தம் போட்டுக் காட்டாது.

ஓடாத வண்டி என்றால் பிளக் நான்கையும் எடுத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு முன்பக்கக் கைப்பிடியால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அசையாவிட்டால் இன்னும் ஊறட்டும். கயிறு கட்டி வேறு வண்டியால் இழுத்துக் கிளப்பப் பார்ப்பவர்கள் உண்டு. பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருக்கும்போது அப்படி இழுத்தால் ரிங் உடையும், பிஸ்டனும் போகும்.

எஞ்சின் சுற்றினால் கம்ப்ரஷன் பாருங்கள். நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டுவதுதான் முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வ். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தால், பெரும்பாலும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது.

கடைசியாக சேஸிஸை மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். முன்-பின் சக்கர நடு அளவு 80 அங்குலம், இரண்டு பக்கமும் ஒன்றாக வர வேண்டும். வேறுபாடு பெரிதாக இருந்தால் ஸ்பிரிங்கின் நடு போல்ட் முறிந்து ஆக்சில் நகர்ந்திருக்கலாம், அல்லது வண்டி எங்கோ இடித்திருக்கிறது.

4. கழற்றும் முறை

ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும். பிரேக் என்றால் பிரேக், அதை முடித்து மாட்டிய பிறகுதான் அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றினால் மனதில் வைத்திருந்த படம் இரண்டு மாதத்தில் கலைந்துவிடும்.

கழற்றும் முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் ஒரு போட்டோ. போல்ட்டுகளைக் கூடிய மட்டும் அதே ஓட்டையில் திரும்ப இரண்டு சுற்று மாட்டி வையுங்கள். டப்பாவில் போட்டுக் குலுக்கிய போல்ட்டுகளில் எது எங்கே என்று கண்டுபிடிப்பது கல்யாண மண்டபத்தில் செருப்புத் தேடுவது மாதிரி.

பழைய உதிரியைப் புதியது சரியாகப் பொருந்தும் வரை தூக்கி எறியாதீர்கள். கிழிந்த கேஸ்கெட்டும் புதிதாக வெட்ட அச்சாக உதவும். சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய பாகத்தைக் கையில் வைத்துக் கேட்டால்தான் சரியான சாமான் கிடைக்கும். பெயர் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் தன்னிடம் இருப்பதைக் கொடுப்பார்.

சக்கரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. பல பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு எதிர் மரை. ஸ்டட் முனையில் 'எல்' எழுத்து இருக்கிறதா என்று துரு தேய்த்துப் பாருங்கள். இருந்தால் வழக்கமாக இறுக்கும் பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் பைப் போட்டு மிதிப்பவர்கள் ஸ்டட்டை முறிப்பார்கள்.

5. சேஸிஸும் ஸ்டியரிங்கும்

டப்பை, அதாவது சேஸிஸின் மேல் உட்காரும் பாடித் தொட்டியை, தூக்கும் முன் கதவு இடைவெளி இரண்டிலும் குறுக்காக ஆங்கிள் இரும்பைப் புள்ளி வெல்டிங்கால் டேக் அடித்து விடுங்கள். தரைத் தகரம் மக்கிய டப், தூக்கும்போது நடுவில் மடங்கும். மடங்கியதைத் திரும்ப நேராக்க எந்த டிங்கராலும் முழுதாக முடியாது.

சேஸிஸைச் சுத்தம் செய்யும் முன் சேஸிஸ் எண்ணின் மேல் கிரீஸ் பூசி டேப் ஒட்டுங்கள். கிரைண்டர் ஓட்டுகிறவருக்கு அது எண் என்று தெரியாது, துரு என்றுதான் தெரியும். எண் அழிந்த வண்டியோடு ஆர்டிஓ வாசலில் நிற்கும் துயரம் தனி.

துரு அதிகம் உட்காரும் இடங்கள்: ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட்டைச் சுற்றி, முன் கிராஸ் மெம்பர், பின் கிராஸ் மெம்பர், இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் எல்லாம். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும், மக்கியது பொத்தென்று அடங்கும். சேஸிஸ் வெல்டிங்கை மட்டும் கைதேர்ந்த வெல்டரிடம் விடுங்கள். பழகிக்கொள்ள வேண்டிய இடம் அதுவல்ல.

ஸ்டியரிங் ஆட்டம் என்றால் எல்லோரும் ஸ்டியரிங் பாக்ஸை மாற்றுகிறார்கள். இந்த ஜீப்பில் முன் கிராஸ் மெம்பரின் மேல், ஸ்டியரிங் அசைவைத் திருப்பி முன்சக்கரங்களுக்குக் கொடுக்கும் பெல் கிராங்க் ஒன்று இருக்கிறது. ஆட்டத்தில் பெரும்பங்கு அதில் இருக்கும் பின் (ஊசி), புஷ் இரண்டும் தேய்ந்ததால் வரும். ஒருவர் ஸ்டியரிங்கை அசைக்க, இன்னொருவர் கீழே படுத்து எந்த மூட்டில் அசைவு தொலைகிறது என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பணம் செலவு செய்யுங்கள்.

முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னைக் கழற்றினால் மேலும் கீழும் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை எங்கே எத்தனை என்று தனித்தனியாகக் கட்டி வையுங்கள். கிங்பின் பேரிங் எவ்வளவு இறுக்கம் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. தளர்ந்து போனால் வேகத்தில் முன்சக்கரம் இரண்டும் நடனம் ஆடும்.

6. பிரேக்

எஞ்சினுக்கு முன்னால் பிரேக் ஏன்? எஞ்சின் ஓடத் தொடங்கிய நிமிடமே அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கக் கை அரிக்கும். அந்த ஆசைக்குப் பிரேக் தயாராக இருக்க வேண்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்த ஜீப்பின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் இருக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாலே போதும். டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் உருண்டு வண்டி நழுவும். பின் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாதது மாதிரிதான். ஆகவே சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் அடியில் போகாதீர்கள்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூளைக் கம்ப்ரஸரால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

டேப்பர் ஷாஃப்ட் உள்ள பின் ஆக்சில் என்றால் ஹப்பைப் புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் ஷாஃப்ட் முனை மரை நசுங்கும், உள்ளே பேரிங்கும் அடிபடும். புல்லரை இறுக்கிவிட்டு ஓர் இரவு விட்டால் பல நேரம் காலையில் ஹப் தானாகக் கழன்றிருக்கும்.

வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்பு பைப் நான்கையும் மாற்றுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பிரேக் சுற்று ஒன்றே ஒன்றுதான். ஒரு சக்கரத்தில் ஹோஸ் வெடித்தாலும் நான்கிலும் பிரேக் போய்விடும்.

ஷூ மாட்டும்போது நீள லைனிங் உள்ள ஷூ வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். முன்னோக்கிப் போகும்போது டிரம் இழுத்துக்கொண்டு அதிகம் உழைப்பது முன் ஷூதான். மாற்றி மாட்டியவர்கள் பிரேக் பிடிக்கவில்லை என்று மாஸ்டர் சிலிண்டரை மூன்று முறை மாற்றிய கதை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்தான்.

பெடலில் கொஞ்சம், சுமார் அரை அங்குலம், வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். பெடலை விட்டதும் மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கினால்தான் ஆயில் டேங்குக்குத் திரும்பும் சிறு துளை திறக்கும். ஆட்டமே இல்லாமல் இறுக்கி வைத்தால் ஓட ஓட ஆயில் சூடாகி விரிந்து, நான்கு சக்கரமும் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

காற்று எடுப்பதை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் அது பின் இடது. பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது. டாட் 3 பிரேக் ஆயில் போதும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலோ ஹைட்ராலிக் ஆயிலோ ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும்.

புதிய ஷூவில் பத்து நாளில் ஆயில் படிந்தால் ஆயில் சீலைத் திட்டும் முன் ஆக்சில் மேலே இருக்கும் காற்றுப் போக்கியைப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எவ்வளவு நல்ல சீலாக இருந்தாலும் ஆயிலை வெளியே தள்ளும்.

வீல் பேரிங் நட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பிடிக்கும் வரை இறுக்கி, அதன் பிறகு ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்தி லாக் வாஷரை மடியுங்கள்.

7. எஞ்சின்

ஹரிக்கேன் எஃப்-ஹெட் எஞ்சின், 134 கன அங்குலம், அதாவது 2.2 லிட்டர். இன்டேக் வால்வ் ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வ் பிளாக்கின் பக்கவாட்டில். இந்த அமைப்பால்தான் எஞ்சின் உயரமாகி, பானட்டும் உயர்ந்தது. பழக்கமில்லாத மெக்கானிக்கைக் குழப்புவதும் இதுதான்.

ஹெட்டைக் கழற்றும்போது முதல் கண்ணி. மேலே தெரியும் போல்ட் எல்லாம் எடுத்த பிறகும் ஹெட் அசையாது. காரணம், ஒரு போல்ட் கார்புரேட்டருக்கு அடியில், இன்டேக் துவாரத்துக்குள்ளே ஒளிந்திருக்கிறது. கார்புரேட்டரை எடுத்து டார்ச் அடித்தால் தெரியும். தெரியாதவர்கள் உளியை இடுக்கி நெம்புவார்கள், ஹெட் விரியும். நல்ல ஹெட் இன்று சுலபமாகக் கிடைப்பதில்லை.

பிளாக் வெளியே வந்ததும் எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். பட்டறைக்குக் கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து போர் போட்டு, வால்வ் சீட் வெட்டி, எல்லாச் செலவும் முடிந்த பிறகு விரிசலைக் கண்டுபிடிப்பது வயிற்றெரிச்சல்.

தண்ணீர் போகும் பாதையில் பல வருடக் குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பும் துருவும் படிந்திருக்கும், அதுவும் பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றி அதிகம். பக்கத்து மூடிகளைத் தட்டி எடுத்து, வளைந்த கம்பியால் சுரண்டி, அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். "ஜீப் சூடாகுது" என்று ரேடியேட்டரை மாற்றுகிறவர்கள் பலர் இதைத் தொடுவதே இல்லை. தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடுவது இன்னொரு கெட்ட வைத்தியம்.

போர் போட வேண்டும் என்றால், முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பிஸ்டனோடு பிளாக்கைப் பட்டறைக்குக் கொடுங்கள். ஒரு பட்டறையில் என் பிளாக்கை அவசரமாக 30 தவ், அதாவது 0.030 அங்குலம், போர் போட்டுவிட்டார்கள். அந்த அளவு பிஸ்டன் தேடி ஐந்து மாதம் அலைந்தேன். கிராங்க் சாணை பிடிப்பதற்கும் இதே விதி: முதலில் பேரிங், அப்புறம் சாணை.

அடுத்த கண்ணி ஆயில் பம்ப். இந்த எஞ்சினில் கேம் ஷாஃப்ட் ஆயில் பம்பைச் சுற்றுகிறது, பம்பின் ஷாஃப்ட்தான் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுகிறது. பம்பைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இக்னிஷன் நேரம் முழுக்க மாறிவிடும். டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவே இல்லையே, ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று மண்டை காயும். கழற்றும் முன் முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேல் நிலைக்குக் கொண்டுவந்து, ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மாட்டும்போது வேண்டிய அளவுகள்: இன்டேக் வால்வ் இடைவெளி 0.018 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.016, இரண்டும் எஞ்சின் ஆறியிருக்கும்போது. ஹெட் போல்ட் 60 முதல் 70 அடி-பவுண்டு, நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக. பாயின்ட் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் 0.030. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. டைமிங் மேல் நிலைக்கு 5 டிகிரி முன்னால்.

பெட்ரோல் ஊற்றும் முன், பிளக் நான்கையும் எடுத்துவிட்டு, ஆயில் பிரஷர் மீட்டர் முள் எழும்பும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். பிளக் இல்லாததால் பேரிங்கில் சுமை ஏறாது, ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். முள் எழும்பாவிட்டால் நிறுத்தி, ஆயில் பம்பைப் பாருங்கள்.

8. பெட்ரோல் டேங்க்

டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். அதாவது நீங்கள் அதன் மேல்தான் உட்காரப் போகிறீர்கள். உள்ளே துரு இருந்தால் சுத்தம் செய்து பூச்சு கொடுக்கலாம், ஓட்டை இருந்தால் அதற்கென்று இருக்கும் ஆளிடம் கொடுங்கள். காலி டேங்க் என்று வீட்டில் வெல்டிங் வைக்காதீர்கள். பெட்ரோல் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கும், வெடிப்பது அதுதான்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் அதில் இளகிப்போகும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். டேங்கில் பல வருடமாகப் படிந்த பிசினையும் எத்தனால் கரைத்துக்கொண்டு வரும். முதல் சில வாரம் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள்.

9. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ்

சத்தம் இல்லை, கியர் நழுவவில்லை என்றால் பிரிக்காதீர்கள். ஆயில் சீல், கேஸ்கெட், ஆயில் மாற்றினால் போதும். பித்தளை சிங்க்ரோ வளையம் இருப்பதால் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 ஆயில் நல்லது, ஜிஎல்-5-இல் இருக்கும் கந்தக மருந்து பித்தளையை அரிக்கலாம்.

கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒன்றோடொன்று ஒட்டியவை. நடுவில் ஒரு பக்கத்து ஆயில் இன்னொரு பக்கம் போவது இந்த ஜீப்பில் சகஜம். ஒன்றில் குறைந்தால் உடனே ஊற்றாமல் இரண்டையும் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

இந்தக் கட்டத்தில் டப் இல்லாத சேஸிஸில் எஞ்சினை ஓடவிட்டு, நான்கு சக்கரத்தையும் ஸ்டாண்டில் தூக்கி வைத்து, எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். ஒழுக்கும் சத்தமும் இப்போது தெரிந்தால் கை நேராகப் போகும். டப் ஏறிய பிறகு தரைத் தகட்டைக் கழற்றி, சந்துக்குள் கைவிட்டு வேலை செய்ய வேண்டும்.

10. தகர வேலை

புதிய டப் வாங்கிப் போட்டுவிடலாமே என்று தோன்றும். ஹரியானா எல்லையில் இருக்கும் மண்டி தப்வாலி பக்கம் ஜீப்பே முழுதாகக் கட்டித் தருகிறார்கள். விண்டேஜ் பதிவு எண்ணம் இருந்தால் அந்த வழி வேண்டாம். பழைய டப்பில் மக்கிய இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுங்கள்.

முடித்த சேஸிஸின் மேல் டப்பைப் புது ரப்பர் மவுன்ட்டுகளோடு போல்ட் போட்டு உட்கார வைத்த பிறகுதான் டப்பின் தரைத் தகரத்தை வெட்ட வேண்டும். தரையில் படுக்க வைத்து வெட்டி ஒட்டினால், பிறகு சேஸிஸ் ஓட்டையும் டப் ஓட்டையும் ஒத்துப்போகாது. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் வெட்டுங்கள், இரண்டையும் சேர்த்து வெட்டாதீர்கள்.

18 கேஜ் தகடு போதும். நீளமாக வெல்டிங் ஓட்டாமல், இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக வைத்துக்கொண்டே போங்கள். சூடு ஒரே இடத்தில் சேர்ந்தால் தகரம் அப்பளம் மாதிரி நெளியும். பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் சாண்ட் பிளாஸ்டிங் வேண்டாம் என்பதற்கும் இதே காரணம். வயர் வீலும் எமரித் தாளும் பொறுமையும் போதும்.

11. பெயின்ட்

ஐப்பசி, கார்த்திகையில் பெயின்ட் வேலை வைக்காதீர்கள். ஈரக் காற்றில் பெயின்ட் வெளுத்துப் பூக்கும். சுத்தம் செய்த இரும்புக்கு அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள், மறுநாளுக்கு விட்டால் துரு மறுபடி வந்திருக்கும்.

பட்டி மெல்லிய படலமாக மட்டும். ஓட்டையைப் பட்டியால் அடைத்தால் ஒரு மழைக்காலத்தில் அது பெயர்ந்து விழும்.

இரண்டு பாகம் கலக்கும் பியு பெயின்ட்டை வீட்டில் அடிக்காதீர்கள். அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, கைக்குட்டை கட்டினால் நிற்காது. பூத் இருக்கும் பட்டறைக்கு விடுங்கள். வீட்டில்தான் செய்வேன் என்றால் சாதாரண சிந்தடிக் எனாமல். இந்த வண்டிக்கு அதுவே பொருத்தமாகவும் இருக்கும்.

12. வயரிங்

பழைய வயரை ஒட்டுப்போடாமல் முழுதாகப் புதிதாக இழுங்கள். மொத்தமே சில விளக்கு, ஹாரன், டைனமோ, ஸ்டார்ட்டர்தான். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். ரொம்பப் பழைய வண்டி 6 வோல்ட்டாக இருக்கலாம். பல்பு, காயில் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுப் பெயின்ட் அடித்த வண்டியில் விளக்கு மங்கலாக எரிந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு எர்த் கோளாறுதான். பெயின்ட்டின் மேல் எர்த் வயரை முறுக்கியிருப்பார்கள். அந்த இடத்தை மட்டும் இரும்பு தெரியச் சுரண்டி, இறுக்கிவிட்டு, மேலே கிரீஸ் பூசுங்கள்.

13. ரோட்டில்

முதல் நாள் தெருமுனை வரை போய்த் திரும்பி, நான்கு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்த ஷூ உரசுகிறது. சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புதுப் பெயின்ட் நசுங்கி நட்டு தளர்வது வழக்கம்.

ஃபோர் வீல் போட்டுப் பார்க்க ஆசை வரும். தார் ரோட்டில் போடாதீர்கள். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே வேறுபாட்டை விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. திரும்பும்போது ஷாஃப்ட் முறுக்கேறி லீவர் சிக்கிக்கொள்ளும். மண் ரோட்டிலோ ஈரப் புல்லிலோ போட்டுப் பாருங்கள்.

முதல் 500 கிலோமீட்டர் வரை எஞ்சினை விரட்டாமல், ஒரே வேகத்திலும் வைக்காமல் ஓட்டுங்கள். பிறகு ஆயிலை மாற்றி, வால்வ் இடைவெளி பார்த்து, ஹெட் போல்ட்டுகளை மறுபடி டார்க் வையுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி அடியில் இருக்கும் அந்த ஒன்றையும் சேர்த்து.